எருமைக் கொம்பு

ஆட்டத்தை விற்றுவிட்டானா, மறந்துவிட்டானா? மூன்று வாரமாக மணிலாவில் இரண்டு பேர் கூடுகிற இடத்திலெல்லாம் இதே பேச்சு. ஜீப்னி வண்டியில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு பேசினார்கள். முடிவெட்டும் கடையில் கத்தரியைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேசினார்கள். சந்தையில் மீன் விற்கிறவள்கூடத் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். ஆளுக்கொரு விடை கையில் இருந்தது. விடை தெரியாமல் விழித்தவன் ஒருவன்தான். அந்தப் பந்தை எறிந்தவன், டெல்ஃபின் சுமகாய்சாய்.

"வித்தியா?" என்று கேட்டால் இல்லை என்பான். அதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. "அப்போ எதுக்கு எறிஞ்ச?" என்று கேட்டால்தான் வாய் திறக்கும், வார்த்தை வராது. திருடவில்லை என்று சத்தியம் செய்கிறவன் வீட்டில் திருட்டுப்பொருள் இருந்தால் ஊர் என்ன சொல்லுமோ அதைத்தான் சொன்னது.

டெல்ஃபினுக்கு முப்பத்தாறு வயது. ஐந்தடி எட்டங்குலம். கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு. பிலிப்பைன்ஸில் கூடை மாட்டாத தெரு கிடையாது, செருப்புக் காலோடு ஆடாத பிள்ளை கிடையாது. அத்தனை பேரில் எங்கோ ஒருத்தன்தான் அதற்குச் சம்பளம் வாங்குகிற இடத்துக்கு வந்து சேர்கிறான். இலோய்லோ பக்கத்து மீனவன் மகனான டெல்ஃபின் அப்படி வந்து சேர்ந்தவன். பந்தைக் கொண்டுவந்து, மற்ற நால்வரும் எங்கே ஓட வேண்டும் என்று சொல்வது அவன் வேலை. வாயால் சொன்னால் அரங்கத்தின் இரைச்சலில் கேட்காது. கேட்டால் எதிரிக்கும் கேட்கும். அதனால் கையால் சொல்வான். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்க மாட்டான். முகம் பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. குதிகாலைப் பார்ப்பான். ஓடப்போகிறவனுக்கு மனசு எழும்பும் முன்னே குதிகால் எழும்பிவிடும்.

பதின்மூன்று வருடம் ஒரே அணி. அந்த நாட்டு லீக்கில் அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, கம்பெனிப் பெயர்தான். டெல்ஃபின் ஆடியது டப்பாவில் அடைத்த மத்தி மீன் விற்கிற கம்பெனிக்கு. மத்தி அணி என்றே எல்லோரும் சொல்வார்கள். அவன் சேர்ந்த அதே வருடம் அங்கே வந்து சேர்ந்தவன் கஸ்பார் தூமுலாக். ஆறடி ஐந்தங்குலம், தென்னை மரத்துக்கு மீசை முளைத்த மாதிரி ஒரு ஆள். இருவருக்கும் சொந்தமாக ஒரு ஆட்டம் இருந்தது. டெல்ஃபின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டி எருமைக் கொம்பு காட்டுவான். அந்த நொடியே கஸ்பார் வலது மூலையிலிருந்து கிளம்பி, கூடைக்குப் பின்னால் எல்லைக்கோட்டை ஒட்டியே ஓடி, இடது மூலைக்குப் போவான். அவன் போய்ச் சேரும் முன்பே டெல்ஃபின் பந்தை எறிந்துவிடுவான், காலி மூலையைப் பார்த்து. பந்தும் ஆளும் சேர்ந்து போய் நிற்கும். பதின்மூன்று வருடத்தில் அது ஒருதடவைகூடப் பிசகியதில்லை என்று சொன்னால் பொய். நாலைந்து தடவை பிசகியிருக்கும்.

கஸ்பாருக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் கணுக்காலில் இறுக்கி டேப் சுற்றிக்கொள்வார்கள், அவன் மட்டும் சுற்ற மாட்டான். "கட்டுப்போடறது பொணத்துக்கு, பரே. கால் மூச்சு விடணும்," என்பான். டெல்ஃபினுக்கு மகள் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு அவன்தான் ஞானத்தந்தையாக நின்றான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் ஞானஸ்நான உறவைச் சொல்லிப் பரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்த மகள் கியாவுக்கு இப்போது பதினொரு வயது. கஸ்பார் வீட்டு வாசலில் தலை குனிந்து நுழையும்போதெல்லாம் அவள் ஓடிவந்து அவன் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வாள். அவனும் பெரிய பிஷப் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் செய்வான்.

போன வருடம் மத்தி அணி டெல்ஃபினைப் பெயிண்ட் கம்பெனி அணிக்கு மாற்றிவிட்டது. அவனிடம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. ஒரு கடையில் வாங்கிய அரிசி மூட்டையை அவன் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. பதிலுக்கு மத்தி அணிக்குக் கிடைத்தது, அடுத்த வருடம் கல்லூரி முடித்து வரப்போகிற யாரோ ஒருவனை எடுத்துக்கொள்ளும் உரிமை. யார் என்று அவர்களுக்கே தெரியாது. பதின்மூன்று வருட மனிதனுக்கு ஈடு, பெயர்கூட இல்லாத ஒரு பையன்.

புது அணியில் கைச்சாடையெல்லாம் வேறு. அங்கே காதைத் தொட்டால் ஒன்று, இடுப்பைத் தட்டினால் ஒன்று. டெல்ஃபின் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் மனப்பாடம் செய்தான். ஆனாலும் முதல் வாரத்தில் ஒருநாள், பெயிண்ட் அணியின் நீலச் சட்டை போட்டுக்கொண்டே நேராக மத்தி அணியின் அறைக்குள் நுழைந்து, பழைய பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். மத்திக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கஸ்பார் மட்டும் சிரிக்காமல் எழுந்து, அவன் தோளில் கை போட்டு எதிர் அறைவரை கொண்டுபோய் விட்டான்.

கடைசியில் அந்த ஆட்டம் வந்தது. காலிறுதி, மத்தியும் பெயிண்ட்டும். ஒன்பது நொடி பாக்கி. டெல்ஃபினின் பெயிண்ட் அணி ஒரு புள்ளி முன்னால். பந்து அவன் கையில். கோச் கூப்பிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்று, பந்தை விடாதே, பிடித்துக்கொண்டு நில், அவர்களே வந்து உன்னை இடித்து ஃபவுல் செய்வார்கள். பால்குடி மாறாத பிள்ளைக்கும் புரிகிற விஷயம். டெல்ஃபினுக்கும் புரிந்தது. தலையாட்டினான். பந்தைத் தட்டிக்கொண்டு வந்தான். வலது மூலையில் பெயிண்ட் அணிக்காரன் ஒருவனை மறித்துக்கொண்டு கஸ்பார் நின்றான். பழைய இடம். பழைய ஆள். டெல்ஃபினின் இடது கை மேலே எழுந்து எருமைக் கொம்பு காட்டியது.

பெயிண்ட் அணியில் அந்தச் சாடையை அறிந்தவன் ஒருவனும் இல்லை. அந்த அரங்கத்திலேயே அறிந்தவன் ஒருவன்தான். அவன் குதிகால் எழுந்தது. கஸ்பார் தான் மறிக்க வேண்டியவனை அம்போவென்று விட்டுவிட்டு, கோட்டை ஒட்டி இடது மூலைக்கு ஓடினான். டெல்ஃபின் காலி மூலைக்குப் பந்தை எறிந்தான். பந்தும் கஸ்பாரும் சேர்ந்து போய் நின்றார்கள். அதைவிட அழகான பாஸை அவன் வாழ்நாளில் கொடுத்ததில்லை என்று பிறகு டிவியில் ஒருவர் சொன்னார். எதிரணிக்குக் கொடுத்தான் என்பதுதான் குறை.

பந்தைப் பிடித்த கஸ்பாரும் அரை நொடி பிரமை பிடித்து நின்றான். பிறகு சுதாரித்து எதிர்ப்பக்கம் விட்டெறிந்தான். அங்கே தனியாக ஓடிய ஒரு இளவட்டம் பிடித்துக் கூடையில் போட்டான். மணி அடித்தது. மத்தி அணி ஒரு புள்ளியில் வென்றது. மேலேயிருந்து தண்ணீர்ப் பாட்டில்களும் சில்லறையும் டெல்ஃபின் தலையில் வந்து விழுந்தன. அவன் எருமைமாட்டின்மேல் மழை பெய்த மாதிரி நின்றான். என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டானாம். அதுவும் நடிப்பு என்றார்கள்.

லீக் விசாரணை வைத்தது. முதலில் வங்கிக் கணக்கைத் தோண்டினார்கள், ஒன்றும் இல்லை. பிறகு மண்டையைத் தோண்டினார்கள். டாக்டர் அவனிடம் தேதி கேட்டார், ஜனாதிபதி பெயர் கேட்டார், நீ எந்த அணி என்று கேட்டார். பெயிண்ட் என்றான். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். டாக்டரே தடுமாறுகிற வேகத்தில் கழித்தான். தலையில் கோளாறு எதுவும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று டெல்ஃபினுக்குத் தெரியவில்லை. தலை சரியாக இருக்கிறதென்றால், தெரிந்தேதான் எறிந்தான் என்றல்லவா ஆகிறது?

கஸ்பாரின் வாக்குமூலம்தான் அவனை முழுசாகக் குழப்பியது. சாடையைப் பார்த்து ஓடினேன் என்று கஸ்பார் சொல்லவில்லை. பாஸ் எங்கே வரும் என்று ஊகித்தேன், ஓடிப்போய்த் திருடினேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். மத்தி அணியின் மேனேஜர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார், இந்த வயதிலும் என்ன மூளை பாருங்கள் என்று. அந்த மூளைக்காக இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் தருவதாகவும் அறிவித்தார். கஸ்பாருக்கு ஐந்து பிள்ளைகள்.

டெல்ஃபின் வீட்டில் அந்த ஒன்பது நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். தன் கை எழுவதைப் பார்க்கும்போது யாரோ ஒருவன் கையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. கஸ்பார் உண்மையிலேயே ஊகித்திருந்தால்? கொம்பு காட்டியதும் அவன் ஓடியதும் வெறும் தற்செயலாக இருந்தால்? அப்படியானால் நான் எதற்கு எறிந்தேன்? பழைய அணி ஜெயிக்கட்டும் என்று என் மனசின் அடியில் ஏதாவது கிடந்ததா? அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. மனைவி நெரிஸா ஒருநாள் அந்த வீடியோவை அழித்தே விட்டாள். அப்புறம் அவன் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

கியா பள்ளியிலிருந்து சட்டை கிழிந்து வந்தாள். யாரோ ஒருத்தி உங்கப்பா எவ்வளவுக்கு வித்தார் என்று கேட்டாளாம், இவள் அடித்துவிட்டாளாம். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நேராக அவனிடமே கேட்டாள்.

"நீங்க விக்கலன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா ஏன் எறிஞ்சீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"தெரியலம்மா."

"உங்களுக்கே தெரியலையா?"

டெல்ஃபின் தட்டைத் தள்ளி வைத்தான். எழுந்துபோய்க் கை கழுவினான், சாப்பிடாமலே.

விசாரணைக்குத் தலைவர் அட்டர்னி விலாருஸ். ஒரு காலத்தில் நடுவராக விசில் ஊதியவர், பிறகு சட்டம் படித்து வக்கீலானவர். ஆட்டமும் தெரியும், சட்டமும் தெரியும். அவர் ஒரு வழி சொன்னார். லீக்கின் பயிற்சி மைதானத்தில் பத்துப் பேரை விட்டுச் சும்மா ஆட வைப்பது. கஸ்பார் எதிரணியில். டெல்ஃபின் தனக்குத் தோன்றுகிற நேரத்தில் கொம்பு காட்ட வேண்டும். கொம்புச் சாடையின் பழைய கதையை அவன் குழுவிடம் சொல்லியிருந்தான். பழக்கம் என்பது உண்மையானால் கஸ்பாரின் கால் சொல்பேச்சுக் கேட்காமல் ஓடும். ஓடினால், கை மறந்துபோய்ச் செய்த தவறு என்று எழுதி டெல்ஃபினை விட்டுவிடுவது. நின்றால், அன்றைக்கு அவன் வேண்டுமென்றேதான் எறிந்தான் என்று முடிவு செய்து ஒரு வருடம் தடை. முப்பத்தாறு வயது பாயிண்ட் கார்டுக்கு ஒரு வருடத் தடையும் ஆயுள் தடையும் ஒன்றுதான்.

டெல்ஃபினுக்கு மூன்று வாரத்தில் முதல்முறையாகப் பசித்தது. அன்று காலை நெரிஸா வைத்த கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தான். கஸ்பார் எழுதிக் கொடுத்தது எதுவாகவும் இருக்கட்டும். அவன் வாய் பொய் சொல்லலாம், கால் சொல்லாது.

மைதானத்துக்கு வெளியே மழை. உள்ளே பத்துப் பேர், மூன்று நாற்காலியில் விசாரணைக்குழு, சுவரோரம் இரண்டு மேனேஜர்கள். கஸ்பார் கடைசியாக வந்தான். அவன் பரே என்று சொல்லவில்லை, டெல்ஃபின் பக்கம் திரும்பவும் இல்லை. டெல்ஃபின் வழக்கம்போல முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்தான். பார்த்தவனுக்குத் திக்கென்றது. கஸ்பாரின் இரண்டு கணுக்காலிலும் வெள்ளை டேப். ஷூவுக்குள்ளிருந்து கெண்டைக்கால்வரை, எலும்பு முறிந்தவனுக்குப் போட்ட மாதிரிச் சுற்றியிருந்தது.

குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஆட்டக்காரன் காலில் டேப் இருப்பதில் என்ன அதிசயம்? எல்லோர் காலிலும்தான் இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. டெல்ஃபினுக்கு எதுவும் ஓடவில்லை. அடிபட்டிருக்குமோ? வயசாகிவிட்டதால் புதுப்பழக்கமோ? பத்து நிமிடம் பந்தை அங்கும் இங்கும் கொடுத்து வாங்கினான். பிறகு கஸ்பார் வலது மூலைக்கு வந்தான். ஒருவனை மறித்து நின்றான். டெல்ஃபின் இடது கையைத் தூக்கிக் கொம்பு காட்டினான். காட்டிய கையோடு பந்தை எறிந்தான், காலி மூலைக்கு.

பந்து மூலையைத் தாண்டிப்போய்ச் சுவரில் மோதித் திரும்பி உருண்டது. கஸ்பார் நின்ற இடத்திலேயே நின்றான்.

ஆனால் டெல்ஃபின் பார்த்திருந்தான். கொம்பு எழுந்த அந்த நொடியில் கஸ்பாரின் வலது குதிகால் மேலே வரப் பார்த்தது. கட்டு அதைக் கீழே இழுத்தது. ஷூவின் ரப்பர் தரையில் கீச்சென்று ஒருமுறை கத்தியது. உடம்பு முன்னால் சாய்ந்து, கால் வராமல், மறுபடி நிமிர்ந்தது. நெற்றியில் வேர்வை, ஓடி முடித்தவனுக்கு வருகிற மாதிரி.

அட்டர்னி விலாருஸ் குறிப்பெழுதினார். பேனாவை மூடாமலே நிமிர்ந்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டெல்ஃபினைக் கேட்டார். இது கடைசி வாய்ப்பு என்றும் சொன்னார்.

ஒரு வாக்கியம் போதும். அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள் என்றால் போதும். வாய்வரை வந்துவிட்டது. அதே நேரம் அவனுக்கு உள்ளே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வருகிறது என்று தெரியவில்லை. ஓடிவிடுவோம் என்று பயந்துதானே ஒருத்தன் காலைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான்? அப்படியானால் நான் விற்கவில்லை. எனக்குப் பைத்தியமும் இல்லை. என் கை இன்னும் அந்தப் பழைய அணியில் இருக்கிறது, அவ்வளவுதான். அவன் கால் இன்னும் என் சாடையில் இருக்கிறது. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.  சுவரோரத்தில் மத்தி மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல, அட்டர்னி," என்றான் டெல்ஃபின்.

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கு அப்போதும் தெரியாது, பிறகும் தெரியவில்லை. நெரிஸா ஒரு மாதம் அதைக் கேட்டுத் திட்டினாள். அவள் திட்டியது நியாயம்தான்.

எல்லோரும் போன பிறகு கஸ்பார் உடைமாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஷூ கழன்றிருந்தது. கட்டின் முனையைத் தேடித்தேடி அவன் நகம் பிய்ந்திருந்தது. அவ்வளவு பெரிய கை, அதற்குக் கட்டவும் தெரியவில்லை, அவிழ்க்கவும் தெரியவில்லை. டெல்ஃபின் தன் பையிலிருந்து டேப் வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தான். காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"எவன்டா கட்டினான் இப்படி? ரத்தமே ஓடல."

"நானேதான்." கஸ்பார் பிய்ந்த நகத்தைப் பார்த்தான். "நேத்து வீட்டுல கட்டாம நின்னு பார்த்தேன் பரே. மூத்தவன விட்டு கொம்பு காட்டச் சொன்னேன். அவன் காட்டறதுக்குள்ள ஓடிட்டேன். மறுபடி காட்டினான், மறுபடி ஓடிட்டேன். எனக்கு வேற வழி தெரியல."

"தெரியும். குதிகாலைப் பார்த்தேன்."

கஸ்பார் நிமிர்ந்தான். பார்த்துமா சொல்லவில்லை என்று கேட்க வந்தவன், கேட்க முடியாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். டெல்ஃபின் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. கோபமும் இருந்தது, இல்லாமல் இல்லை. கோபத்தோடுதான் கத்தரியைச் செலுத்தினான், தோல் கிழியாமல் பார்த்துப் பார்த்து. கட்டு பாதத்தின் வடிவத்திலேயே, ஒரு வெள்ளைச் செருப்பு மாதிரி கழன்று வந்தது. அடுத்த காலையும் வெட்டினான்.

அட்டர்னியிடம் போய் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கஸ்பார் கேட்டான். கேட்ட விதத்திலேயே போக மாட்டான் என்று தெரிந்தது. டெல்ஃபின் கழன்ற கட்டுகள் இரண்டையும் எடுத்து அவன் கையில் வைத்தான்.

"அட்டர்னிகிட்ட சொல்லவேணாம். பேப்பர்காரன்கிட்டயும் வேணாம். கியா ஒருத்திகிட்ட மட்டும் சொல்லு. ஏன் எறிஞ்சீங்கன்னு கேக்கறா, எனக்குச் சொல்லத் தெரியல. இதக் காட்டிச் சொல்லு."

"அவகிட்டயா?" கஸ்பார் கட்டுகளைத் திருப்பி நீட்டினான். "அட்டர்னிகிட்டயே சொல்லிடறேன் பரே. அவகிட்ட வேணாம்."

"ஞானத்தந்தை நீதானடா."

கஸ்பார் எழுந்து கூடவே வெளியே வந்தான். மழையில் டெல்ஃபினின் பழைய காரில் போனார்கள். முன் இருக்கையில் கஸ்பார் முழங்காலை மடக்கி, வெறுங்காலோடு, மடியில் அந்த இரண்டு கட்டுகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழியில் ஒரு சந்தில் பிள்ளைகள் மழையிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கதவைத் திறந்தது கியாதான். பள்ளிச்சீருடை மாற்றவில்லை. வாசலில் தலை குனிந்து நின்ற ஆளைப் பார்த்ததும் பழைய வழக்கப்படி ஓடிவந்து, நெற்றியில் ஒற்றிக்கொள்ள அவன் கையைப் பிடித்தாள். கஸ்பார் கையை இழுத்துக்கொண்டான். இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, அந்த ஆறடி ஐந்தங்குலமும் வாசற்படியிலேயே மண்டியிட்டது.

"மொதல்ல நான் சொல்றதக் கேளு கண்ணு," என்றான். "கேட்டுட்டு, அதுக்கப்புறமும் தோணுச்சுன்னா கைய எடுத்துக்கோ."